பண்டை எகிப்தியரின் உறுப்புக் குடங்கள் – ஓர் ஆய்வு

முன்னுரை

நைல் நதிக்கரையில் தழைத்த பண்டை எகிப்திய நாகரிகத்தை நம்மவருள் பெரும்பாலோர் இரண்டு வழிகளில் அறிந்துள்ளனர். ஒன்று, பள்ளிப் பாடநூல் காட்டும் பிரமிடுகள். மற்றொன்று, திருக்குர்ஆன் எடுத்துரைக்கும் மூஸா (அலை) அவர்களின் வரலாறும், அவர்களை எதிர்த்து நின்ற ஃபிர்அவ்னின் முடிவும். அவனுடைய உடல் பின்வருவோர்க்கு ஓர் அத்தாட்சியாக அமையும் என்று பத்தாம் அத்தியாயத்தின் 92ஆம் வசனம் அறிவிப்பதை ஓதியறிந்தோர், எகிப்தியர் இறந்தோர் உடலைப் பதப்படுத்திய கலையைப் பற்றிக் கேள்வியுறும்போது தனி ஆர்வம் கொள்வது இயல்பே. ஆயினும், பதப்படுத்திய உடலைப் பற்றிப் பேசுவோர் பலராக இருக்க, அவ்வுடலினின்றும் எடுக்கப்பட்ட உள்ளுறுப்புகள் என்னவாயின என்று வினவுவோர் மிகச் சிலரே.

அவ்வுறுப்புகளைப் பேணி வைத்த குடங்களே இக்கட்டுரையின் பொருள். ஆங்கில நூல்கள் இவற்றைக் 'கேனோப்பிக்' குடங்கள் என்று வழங்கும். முதுமக்கள் தாழியை அறிந்த தமிழர் இவற்றையும் தாழி என்று அழைக்க விழையலாம். ஆனால் தாழி என்பது இறந்தோரின் உடலையோ எலும்புகளையோ இட்டுப் புதைத்த பெருங்கலம். எகிப்தியர் குடமோ குடலும் ஈரலும் போன்றவற்றை மட்டும் இட்டு, உடலிருக்கும் பேழைக்கு அருகில் வைத்த சிறு கலம். இரண்டனையும் மயங்கக் கூறாமைப்பொருட்டு ஈண்டு 'உறுப்புக் குடம்' என்னும் சொல்லையே ஆள்கிறோம்.

இக்குடங்களைப் பற்றி வழிவழியாக எழுதப்பட்டு வந்தவற்றுள் பிழைகள் சில உள. அவை எங்ஙனம் புகுந்தன, எச்சான்றுகளால் திருத்தம் பெற்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பிற சமுதாயத்தாரின் நம்பிக்கையைப் பற்றி எழுதப் புகும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி ஒரு பயிற்சியாகவும் அமையும்.

உடலைப் பேணிய காரணமும் முறையும்

இறப்பு என்பது முடிவன்று, மற்றொரு வாழ்வின் தொடக்கமே என்று எகிப்தியர் நம்பினர். அவ்வாழ்வில் உயிர் மீண்டும் வந்து தங்குதற்கு உடல் சிதையாமல் இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. ஒசைரிஸ் என்னும் தெய்வத்தை அவன் உடன்பிறந்தோனாகிய சேத் கொன்று துண்டாக்கினான் என்றும், ஐசிஸ் அத்துண்டங்களைத் தேடித் தொகுத்து ஒன்றாக்கினாள் என்றும் அவர்தம் புராணம் கூறும். சிதைந்த உடல் மீண்டும் முழுமை பெறுதல் என்னும் இக்கருத்தே அவர்களுடைய ஈமச் சடங்குகள் அனைத்திற்கும் அடிப்படை எனலாம்.

உடலில் முதற்கண் அழுகத் தொடங்குவன உள்ளுறுப்புகளே. அவற்றை அகற்றாமல் உடலைக் காத்தல் அரிது. அகற்றினால் உடல் முழுமை இழக்கும். இவ்விரு நெருக்கடிகளுக்கும் இடையே பிறந்ததே உறுப்புக் குடம். அகற்ற வேண்டியதை அகற்றவும் வேண்டும், அதே வேளையில் அதனை இழந்துவிடவும் கூடாது. ஆதலின் எடுத்த உறுப்பை உலர்த்தித் துணியில் பொதிந்து, உடலுக்கு அருகிலேயே வைத்தனர்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், பதப்படுத்தும் முறைகள் மூன்றனை விலை வேறுபாட்டுடன் விவரித்துள்ளார். செல்வர்க்குரிய முறையில் மூளையை வளைந்த இரும்புக் கருவியால் மூக்கின் வழியே எடுத்தனர். கூரிய கல்லால் விலாப்பக்கத்தைக் கீறி வயிற்றினுள் இருந்தவற்றை வெளிக்கொணர்ந்தனர். பின்னர் நேட்ரான் என்னும் உவர்க்காரத்தில் உடலை இட்டு உலர்த்தினர். சோடியம் உப்புகள் இயற்கையாகவே கலந்த இப்பொருள், கெய்ரோவின் வடமேற்கில் உள்ள வாதி நத்ரூன் பள்ளத்தாக்கில் மிகுதியாகக் கிடைத்தது. அது தசையிலுள்ள நீரை ஈர்த்துக் கொழுப்பையும் கரைப்பதால் அழுகல் தடைப்படும். உலர்த்தல், எண்ணெய் பூசுதல், துணி சுற்றுதல் ஆகிய அனைத்தும் நிறைவுறுதற்கு மரபுப்படி 70 நாள்கள் ஆயின.

ஹெரடோட்டஸுக்குப் பின் எழுதிய டயடோரஸ் என்பார் வியப்பானதொரு செய்தியைத் தருகிறார். உடலைக் கீறுவதற்கென்றே ஒருவன் இருந்தானாம். கீறி முடித்தவுடன் அவன் ஓட்டம் பிடிப்பான். சுற்றி நின்றோர் அவன் மீது கல்லெறிந்து வசை கூறித் துரத்துவர். தம் இனத்தாரின் உடலைக் காயப்படுத்தியவன் வெறுக்கத்தக்கவன் என்பது அவர்கள் எண்ணம். கீறாமல் காக்கவும் இயலாது. கீறியவனைப் பொறுக்கவும் இயலாது. இறந்தார் உடலின்பால் அம்மக்கள் கொண்டிருந்த மதிப்பின் ஆழத்தை இச்செய்தி நன்கு உணர்த்தும்.

எடுத்த உறுப்புகளுள் கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகிய நான்கு மட்டுமே பேணப்பட்டன. மூளை பயனற்றதெனக் கழிக்கப்பட்டது. சிறுநீரகங்கள் பெரும்பாலும் உடலிலேயே விடப்பட்டன. இதயத்தின் நிலை வேறு. அதனைப் பின்னர்க் காண்போம். இத்துணைப் பேணுதலும் பொருள் படைத்தோர்க்கே வாய்த்தது. எளியோர் உடல் நேட்ரானில் உலர்த்தப்பட்டதோடு சரி. பலர்க்கு அதுவும் இல்லை.

பெயரில் நேர்ந்த பிழை

'கேனோப்பிக்' என்னும் பெயரே ஒரு தவற்றால் பிறந்தது. நைலின் கழிமுகத்தில், இன்றைய அபூகீருக்கு அருகில், கேனோபஸ் என்றொரு பழைய ஊர் இருந்தது. திராய் நகரப் போரினின்றும் மீண்ட மெனெலாஸ் மன்னனின் மரக்கலத்தை ஓட்டிய கேனோபஸ் என்பான் அங்கே இறந்தான் என்றும், அவன் பெயரே ஊர்க்கு ஆயிற்று என்றும் கிரேக்கர் கதை கூறினர். உரோமர் ஆண்ட காலத்தில் அவ்வூரில் ஒசைரிஸ் தெய்வம் மனிதத் தலையும் பருத்த குடவுடலும் கொண்ட வடிவில் வழிபடப்பட்டது.

பிற்காலத்து ஐரோப்பியப் பழம்பொருள் ஆய்வாளர், கல்லறைகளில் கிடைத்த தலை மூடியிட்ட குடங்களைக் கண்டபோது, அவற்றைக் கேனோபஸ் ஊரின் தெய்வ வடிவத்தோடு ஒன்றெனக் கருதிவிட்டனர். உருவ ஒப்புமை ஒன்றே அதற்குக் காரணம். உறுப்புக் குடத்திற்கும் அம்மாலுமிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. பிழை என்று தெளிந்த பின்னரும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

'மம்மி' என்னும் சொல்லும் இத்தகையதே. அரபியிலும் பாரசீகத்திலும் 'மூமியா' என்பது மலைகளிலிருந்து கசியும் ஒருவகைக் கரும்பிசினைக் குறித்தது. அது மருந்தாகப் பயன்பட்டது. பதப்படுத்திய உடல்களில் காணப்பட்ட கருமையான பூச்சு அதனைப் போன்றிருந்தமையால் அப்பூச்சுக்கும், பின்னர் அவ்வுடலுக்குமே அப்பெயர் ஆயிற்று. இக்குழப்பத்தின் விளைவாக, பழைய உடல்களைப் பொடித்து மருந்தென விற்ற கொடுமையும் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நிகழ்ந்தது. ஒரு சொல்லை ஆராயாமல் ஏற்றதன் விலை அது.

இவ்வேறுபாட்டை அன்றே தெளிவுறக் கூறியவர் பக்தாதில் 1162இல் பிறந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீப் அல்பக்தாதி ஆவார். எகிப்தில் தங்கி அல்அஸ்ஹரில் கற்பித்த அவர், அந்நாட்டைப் பற்றித் தாம் எழுதிய நூலில், பழைய கல்லறை உடல்களில் காணப்படும் பொருளையும் மலையில் கிடைக்கும் உண்மையான மூமியாவையும் பிரித்தே பேசுகிறார். அவரை இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் சந்திப்போம்.

வடிவம் வளர்ந்த வரலாறு

அருங்காட்சியகப் படங்களில் நாம் காண்பன பெரும்பாலும் மனிதன், குரங்கு, நரி, வல்லூறு ஆகிய நான்கு தலைகளைக் கொண்ட குடங்களே. ஆகவே தொடக்கம் முதலே குடங்கள் இவ்வடிவில் இருந்தன என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று.

மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று குடமே அன்று. அது ஒரு கற்பெட்டி. 1925ஆம் ஆண்டு கீஸாவில், அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் ரைஸ்னரின் குழுவினர் பணியாற்றிக்கொண்டிருந்தனர். குழுவின் புகைப்படக் கலைஞர் முகம்மதானி இப்ராஹீம் தம் கருவியை நிறுத்த இடம் பார்த்தபோது, பாறையில் வெண்சாந்துப் பூச்சு ஒன்று இருக்கக் கண்டார். அது மறைத்திருந்த ஆழ்கிணறு ஏறத்தாழ 27 மீட்டர் கீழிறங்கியது. அதன் அடியில் பெரும்பிரமிடைக் கட்டுவித்த கூஃபு மன்னனின் அன்னை ஹெத்தபெரெஸின் பொருள்கள் இருந்தன.

1927இல் அரசியின் கற்பேழையைத் திறந்தபோது உள்ளே உடல் இல்லை. பேழை வெறுமையாக இருந்தது. ஆனால் சுவரில் அடைக்கப்பட்டிருந்த மாடம் ஒன்றனுள் வெண்கல்லாலான ஒரு பெட்டி கிடைத்தது. நான்கு அறைகளாகப் பகுக்கப்பட்ட அப்பெட்டியில் துணிப்பொதிகள் இருந்தன. நேட்ரான் கரைசல் ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்குப் பின்னும் முற்றும் வற்றாமல் எஞ்சியிருந்தது. உடல் மறைந்துபோக, உறுப்புகளுக்கென வைத்தவை மட்டும் நிலைத்தன. அக்காட்சியைக் கண்டோர் உள்ளம் எங்ஙனம் இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அதே நான்காம் அரசமரபைச் சார்ந்தவளும் கூஃபுவின் பெயர்த்தியுமான மூன்றாம் மெரெசங்கின் கல்லறையில் கிடைத்தவை, இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய குடங்களுள் அடங்கும். அக்காலத்துக் குடமூடிகள் தலையுருவம் அற்றவை; எளிய தட்டைகள். பழைய அரசு வீழ்ந்த பின்னரே மனிதத் தலை வடிவ மூடிகள் தோன்றின. நடு அரசுக் காலத்தில் அவை பெருவழக்காயின.

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட துத்தன்காமனின் கல்லறையிலும் விலங்குத் தலைகள் இல்லை. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த அக்கல்லறையில், பொன் வேய்ந்த கோயில் போன்ற கூடு ஒன்று இருந்தது. அதன் நான்கு பக்கங்களிலும் நான்கு தேவியர் கைவிரித்துக் காவல் நிற்கின்றனர். உள்ளே ஒரே கல்லில் குடைந்த பெட்டி. அதில் நான்கு துளைகள். அவற்றை மூடும் நான்கு மூடிகளும் மன்னனின் முகங்களே. ஒவ்வொரு துளையினுள்ளும் 39 செண்டிமீட்டர் அளவுள்ள சிறு பொற்பேழை ஒன்று இருந்தது. அதனுள்ளேதான் உறுப்புகள் இருந்தன. அப்பொற்பேழைகளின் உட்புறத்தில் வேறோர் அரசரின் பெயர் அழிக்கப்பட்டுத் துத்தன்காமனின் பெயர் மாற்றி எழுதப்பட்டுள்ளமை, அவை முதலில் பிறருக்கெனச் செய்யப்பட்டவை என்பதைக் காட்டிவிட்டது. இளமையிலேயே மாண்ட மன்னனுக்குப் பொருள்கள் விரைந்து திரட்டப்பட்டன போலும்.

பத்தொன்பதாம் அரசமரபு முதற்கொண்டே நான்கு வேறு தலைகளும் நிலைபெற்றன. எனவே, நாம் 'எகிப்திய வழக்கம்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது, உண்மையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மெல்ல மெல்ல வடிவெடுத்த ஒன்றாகும்.

நால்வர் காவல்

அந்நான்கு தலைகளும் ஹோரஸ் தெய்வத்தின் புதல்வர் நால்வரைக் குறிப்பன. மனிதத் தலையுடைய இம்செத்தி கல்லீரலைக் காப்பவன்; அவனுக்குத் துணை ஐசிஸ். குரங்குத் தலையுடைய ஹாப்பி நுரையீரலைக் காப்பவன், துணை நெப்திஸ். நரித் தலையுடைய துவாமுதெஃப் இரைப்பைக்குக் காவலன், துணை நெய்த். வல்லூற்றுத் தலையுடைய கெபெசெனுயெஃப் குடலுக்குக் காவலன், துணை செர்கெத். தெற்கு, வடக்கு, கிழக்கு, மேற்கு ஆகிய திசைகள் முறையே இந்நால்வர்க்கும் உரியனவாகக் கொள்ளப்பட்டன.

குடங்களின் மேல் பொறிக்கப்பட்ட வாசகங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பின. தேவி தன் கைகளால் உள்ளிருப்பதை அணைத்துக் காப்பதாகக் கூறுவாள். இறந்தோர் பெயரும் உடன் வரும். குழந்தையைத் தாய் அணைப்பது போன்ற அச்சொல்லாட்சி, சடங்கின் பின்னே இருந்த அன்பையும் அச்சத்தையும் ஒருங்கே காட்டுகின்றது.

வெறுங்குடங்கள்

குடம் என்றால் அதனுள் உறுப்பு இருக்கும் என்று கொள்வதும் பிழையே. இருபத்தொன்றாம் அரசமரபுக் காலத்தில், அஃதாவது கி.மு. 11ஆம் நூற்றாண்டளவில், ஒரு மாற்றம் நேர்ந்தது. உலர்த்திய உறுப்புகளைத் துணியில் பொதிந்து, ஹோரஸ் புதல்வரின் சிறு மெழுகுப் பாவைகளோடு மீண்டும் உடலினுள்ளேயே வைக்கலாயினர். உடல் முழுமை பெறுதல் வேண்டும் என்னும் பழங்கொள்கை இதனால் பெரிதும் நிறைவேறியது.

அப்படியானால் குடத்திற்குத் தேவை இல்லை அன்றோ? ஆயினும் குடங்கள் மறையவில்லை. உறுப்பு இல்லாத குடங்களையும், உட்குழிவே இன்றித் திண்ணிய கல்லாகவோ மரமாகவோ செதுக்கிய போலிக் குடங்களையும் கல்லறையில் வைத்தனர். பயன் நீங்கியது, வடிவம் மட்டும் எஞ்சியது. பின்னர் இருபத்தாறாம் அரசமரபுக் காலத்தில் குடங்கள் மீண்டும் உறுப்பு ஏந்தின. தாலமியர் ஆட்சிக் காலத்தில் இவ்வழக்கம் மெல்ல அற்றது.

ஒரு வழக்கம் அதன் காரணம் மறந்த பின்னும் தொடர்வது எகிப்தியர்க்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டு வழக்கங்களுள்ளும் காரணம் அறியாமல் செய்யப்படுவன எத்துணை என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நலம்.

பெயர் பொறித்த குடமும் பொய்க்கலாம் என்பதற்குப் பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள நான்கு நீலநிறக் கலங்கள் சான்றாகும். இரண்டாம் ராம்சேஸின் பெயர் பொறித்த அவை 1905இல் அங்குச் சேர்ந்தன. அம்மன்னனின் உறுப்புக் குடங்கள் என்றே நீண்ட காலம் நம்பப்பட்டன. 2007இல் வெளியான வேதியியல் ஆய்வு வேறு முடிவைத் தந்தது. எச்சங்களுள் ஒன்று மரப்பிசினெண்ணெயும் விலங்குக் கொழுப்பும் கலந்த நறுமணப் பூச்சு. கரிமக் காலக்கணிப்பின்படி, ஆராயப்பட்ட எச்சங்கள் கி.மு. 1213இல் இறந்த அம்மன்னனுக்கு நூற்றாண்டுகள் பிற்பட்டவை. நூறாண்டு நம்பிக்கை ஒரு சிறு துகளின் ஆய்வினால் தகர்ந்தது.

இதயம் எங்கே?

குடங்களில் ஒன்று இதயத்திற்குரியது என்று எழுதுவோரும் உளர். இது பெரும்பிழை. எகிப்தியர் இதயத்தைக் குடத்தில் இடவில்லை. உடலிலேயே விட்டுவைக்க விரும்பினர். கீறுவோர் இதயத்தையும் சிறுநீரகத்தையும் விடுத்து ஏனையவற்றையே எடுத்தனர் என்று டயடோரஸும் குறித்துள்ளார்.

காரணம் ஆழமானது. சிந்தனை, நினைவு, நன்மை தீமை உணர்வு ஆகிய அனைத்தும் இதயத்திலேயே உறைவதாக அவர்கள் கருதினர். இறந்தவன் ஒசைரிஸின் முன் நிற்கும்போது, அவனது இதயம் தராசின் ஒரு தட்டிலும், மாஅத் எனப்படும் உண்மையின் இறகு மற்றொரு தட்டிலும் வைக்கப்படும். தோத் என்னும் தெய்வம் அம்முடிவை எழுதும். இதயம் தீமையால் கனத்திருப்பின், முதலைத் தலையும் சிங்க உடலும் கலந்த அம்மித் என்னும் விலங்கு அதனை விழுங்கிவிடும். அவனுக்கு மறுவாழ்வு இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஆனி என்பவரின் பாப்பிரஸ் ஏட்டில் இக்காட்சியை வண்ண ஓவியமாகக் காணலாம்.

தன் இதயமே தனக்கு எதிராகச் சான்று கூறிவிடுமோ என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. ஆதலின் வண்டு வடிவக் கல்லில், தனக்கு எதிராக எழாதே என்று இதயத்தை வேண்டும் மந்திரத்தைப் பொறித்து மார்பின் மேல் வைத்தனர். ஈரலுக்கும் குடலுக்கும் காவலர் நால்வரை அமர்த்திய மக்கள், இதயத்தைப் பொறுத்தமட்டில் அதனையே அஞ்சினர்.

இங்கும் ஒரு திருத்தம் உண்டு. அண்மைக்காலக் கதிர்ப்படச் சோதனைகள், பதப்படுத்திய எல்லா உடல்களிலும் இதயம் இருந்ததில்லை என்று காட்டியுள்ளன. கொள்கை ஒன்றாகவும் நடைமுறை பலவாகவும் இருந்திருத்தல் வேண்டும். நூல் கூறும் விதி ஒன்று, தொழிலாளரின் கை செய்தது மற்றொன்று என்பது எக்காலத்தும் உள்ளதே.

மணப்பொருள் தரும் சான்று

இக்காலத்தில் குடங்களைப் பற்றிய நம் அறிவை வளர்த்து வருவோர் வேதியியலாளர். இரண்டாம் அமென்ஹோத்தெப் மன்னனுக்குப் பாலூட்டிய செவிலித்தாய் செனெத்நாய் என்பவரின் குடங்களை ஹோவர்ட் கார்ட்டர் 1900ஆம் ஆண்டு அரசர் பள்ளத்தாக்கில் கண்டெடுத்தார். அவற்றுள் இரண்டு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் உள்ளன. உறுப்புகள் எப்பொழுதோ மறைந்துவிட்டன. ஆயினும் சுவரில் ஊறிய பூச்சின் எச்சங்களை ஆராய்ந்து 2023இல் முடிவுகள் வெளியிடப்பட்டன. தேன்மெழுகு, தாவர எண்ணெய், கொழுப்பு, நிலக்கீல், ஊசியிலை மரப்பிசின் முதலியவை அவற்றில் இருந்தன. ஊசியிலைப் பிசின் லார்ச் மரத்ததாக இருக்கலாம். அம்மரம் எகிப்தில் வளர்வதன்று. மற்றொரு பொருள் டாமர் எனப்படும் பிசினாகவோ பிஸ்தா இன மரத்தின் பிசினாகவோ இருக்கலாம் என்றனர்.

அவ்வாண்டிலேயே சக்காராவில் 2016இல் கண்டறியப்பட்ட பதப்படுத்தும் தொழிற்கூடத்தின் 31 மட்கலங்களைப் பற்றிய ஆய்வும் வெளிவந்தது. இருபத்தாறாம் அரசமரபுக் காலத்தைச் சார்ந்த அக்கலங்களின் மேல் பொருளின் பெயரும், அதனை எங்கே பூச வேண்டும் என்ற குறிப்பும் எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் டாமரும் இருந்தது. நாம் சாம்பிராணியோடு புகைக்கும் குங்கிலியத்தின் இனத்தைச் சார்ந்த இப்பிசின், தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளின் விளைபொருள். நைல் கரையில் ஓர் உடலைப் பேணுதற்குக் கீழைக்கடல் கடந்தும் பண்டம் சென்றது என்பது இதனால் புலனாகும்.

மொழி பயில்வோர் மேலும் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 'அந்தியு' என்னும் எகிப்தியச் சொல்லை அறிஞர் நெடுங்காலமாக வெள்ளைப்போளம் என்றே மொழிபெயர்த்து வந்தனர். ஆனால் சக்காராவில் அப்பெயர் எழுதிய கலங்களில் இருந்ததோ கேதுரு மர எண்ணெய், சூனிப்பர் அல்லது சைப்ரஸ் மர எண்ணெய், விலங்குக் கொழுப்பு ஆகியவற்றின் கலவை. அகராதியில் ஏறிய பொருளும் கலத்தில் இருந்த பொருளும் வேறாயின. சொல்லுக்குப் பொருள் காண்பவர் அப்பொருளையும் காண முயலுதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

அப்துல் லத்தீப் காட்டிய நெறி

முன்னர்க் குறித்த அப்துல் லத்தீப் அல்பக்தாதியை இவண் நினைவுகூர்தல் பொருந்தும். 1200 முதல் 1202 வரை எகிப்தைக் கொடும்பஞ்சம் வாட்டியது. கெய்ரோவை அடுத்த மக்ஸ் என்னுமிடத்தில் இறந்தோர் எலும்புகள் குவிந்து கிடந்தன. அவற்றை அவர் நேரில் ஆராய்ந்தார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று மருத்துவப் பேராசான் ஜாலீனூஸ், அஃதாவது கேலன், எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுக்காலம் அதனை மறுத்தோர் அரியர். இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்த அப்துல் லத்தீப், தாடை ஒரே எலும்பு என்று துணிந்து எழுதினார். கேலனின் பெருமையை அவர் மறுக்கவில்லை. எனினும் கண்கூடான சான்று எந்நூலினும் வலியது என்றார்.

மாலுமியின் பெயரைக் குடத்திற்கு இட்டவரும், ராம்சேஸின் பெயரைக் கண்டு குடத்தின் உள்ளீட்டை முடிவு செய்தவரும் அறிவிலர் அல்லர். அவர்கள் ஒப்புமையையும் எழுத்தையும் நம்பினர். பொருளை உள்நோக்கிப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பில்லை. வாய்ப்பு வந்தபோது பிழை திருந்தியது. இதுவே ஆராய்ச்சியின் இயல்பு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், உறுப்புக் குடம் என்பது ஒரே வடிவும் ஒரே பயனும் கொண்ட பொருளன்று என்பதும், அதன் பெயர் பிற்காலத்தவர் தவறாக இட்டது என்பதும், இதயம் அதனுள் வைக்கப்படவில்லை என்பதும், பல குடங்கள் வெறுங்குடங்களே என்பதும் தெளிவாகும்.

நம் நெறி வேறு. இறந்தாரை நீராட்டி, கஃபன் துணி போர்த்தி, தொழுகை முடித்து, காலம் தாழ்த்தாமல் மண்ணில் அடக்குகிறோம். அரசனுக்கும் ஆண்டிக்கும் அங்கே வேறுபாடில்லை. எகிப்தியர் செயல் நமக்கு ஏற்புடையதன்று. ஆயினும், ஒரு சமுதாயத்தார்பால் கொண்ட வெறுப்பு நீதி தவறச் செய்யலாகாது என்பது திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் எட்டாம் வசனம் விதிக்கும் கட்டளை. இறந்துபட்ட மக்களுக்கும் அந்நீதி உரியதே. அவர்கள் நம்பியதை நம்பியவாறே அறிந்து, செய்ததைச் செய்தவாறே எழுதுதல் அந்நீதியின் முதற்படி. ஏற்பதும் மறுப்பதும் அதன் பின்னரே.

நான்கு உறுப்புகளுக்கு நான்கு காவலரை வைத்த அம்மக்கள், தீர்ப்பின் முன் நிற்கும்போது எக்குடமும் தமக்குத் துணை வாராது, இதயமே பேசும் என்பதையும் அறிந்திருந்தனர். வினைக்கு விடை கூற வேண்டிய நாள் ஒன்று உண்டு என்ற அச்சம் மனித குலத்தில் மிகப் பழமையானது என்பதற்கு அக்கல்லறைகள் சான்று பகர்கின்றன. மாணவர்கள் அருங்காட்சியகம் ஒன்றில் இத்தகைய குடத்தையோ அதன் படத்தையோ காண நேரின், மூடியின் தலையை மட்டும் பார்த்து அகலாமல், இதன் பெயரை யார் இட்டார், இதனுள் உண்மையில் என்ன இருந்தது என்று ஒருமுறை வினவுவார்களாக. அவ்வினாவே கல்வியின் தொடக்கம்.